நாலு விரல் தள்ளி

ஒரு சாதாரண மானிட்டருக்குத் தொடுதிரை மாட்டுவது எத்தனை நேர வேலை என்று எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் என்பார். கொஞ்சம் பந்தா காட்டுகிறவராக இருந்தால் அரை மணி என்பார். புகைப்படத்துக்குப் போடுவது மாதிரி ஒரு ஃபிரேம் வரும். அதன் விளிம்புகளில் கண்ணுக்குத் தெரியாத ஒளி குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். விரல் எங்கே குறுக்கே வந்ததோ அந்த இடத்தை அது கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். மானிட்டரின் முகத்தில் அதை ஒட்ட வேண்டும், வயரைச் சொருக வேண்டும், பிறகு திரையின் மூலைகளுக்குச் சற்று உள்ளே ஒவ்வொன்றாகத் தோன்றுகிற நாலு கூட்டல் குறிகளின் மேல் விரலை வைக்க வேண்டும். அந்த நாலு தொடுதலை வைத்துத்தான், விரல் எங்கே பட்டால் எதைத் தொட்டதாக அர்த்தம் என்று அது கற்றுக்கொள்ளும். அவ்வளவுதான் சமாசாரம்.

இதே வேலைக்குக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் பதினோரு மாதம் ஆனது. அவர்களைக் குறை சொல்லக் கூடாது. அவசரப்பட்டிருந்தால் ஆறு மாதத்திலேயே கெடுத்திருப்பார்கள்.

முதலில், தொடுதல் என்றால் என்ன என்று வரையறுக்க ஒரு குழு போட்டார்கள். ஐந்தாவது மாதம் அந்தக் குழு, 'விரலானது ஒரு பொருளின் மேல் படுதல்' என்று கண்டுபிடித்து அறிக்கை கொடுத்தது. நகம் படுவது இதில் சேராது என்று ஓர் உறுப்பினர் மட்டும் தனியாக இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த ஆட்சேபத்தை ஆராய இன்னொரு குழு. எல்லாம் முடிந்த பிறகு, அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த மெக்கானிக்கைக் கூப்பிட ஆள் வந்தது. அவர் போய் ஃபிரேமை ஒட்டினார், வயரைச் சொருகினார், மணியைப் பார்த்தார். ஏழு நிமிடம். இனி அந்த நாலு குறிகளைத் தொட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம் என்று விரலை நீட்டினார்.

"கையை எடுங்க," என்றார் கண்காணிப்பாளர். "முதல் தொடுதல் இயக்குநருடையது."

ஒன்பது நாள் கழித்து இயக்குநர் வந்தார். ரிப்பன் வெட்டினார். வெட்டின கத்தரிக்கோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். "இதுவரைக்கும் பொதுமக்கள் இங்க வந்து நம்ம ஊழியர்களோட பேச வேண்டியிருந்தது. கேள்வி கேட்டாங்க. நாமளும் பதில் தேட வேண்டியிருந்தது. இனிமே அந்தத் தொந்தரவு ரெண்டு தரப்புக்கும் இல்ல. அவங்க கண்ணாடியைத் தொடுவாங்க. கண்ணாடி பதில் பேசாது. பதில் பேசாத இடத்துல தப்பு நடந்ததா சரித்திரமே கிடையாது." ஊழியர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பேச்சில் அவர்களுக்குப் பிடித்தமான விஷயங்கள் நிறைய இருந்தன.

பிறகு மெக்கானிக் அந்த நாலு குறித் திரையைத் திறந்து வைத்தார். முதல் குறி தோன்றியது. இயக்குநர் சுட்டுவிரலைக் கொண்டுபோனார். அப்போதுதான் போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். அவரும் பாவம், தன் தொழிலைச் செய்ய வந்தவர்.

"சார், கை முகத்தை மறைக்குது. ஒரு நாலு விரல் வலது பக்கம் தள்ளி வச்சுக்குங்க."

இயக்குநர் நாலு விரல் வலது பக்கம் தள்ளி வைத்தார். இரண்டாவது குறிக்கும் தள்ளி. மூன்றாவதுக்கும், நாலாவதுக்கும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் கேமரா மின்னியது, முகம் பளிச்சென்று விழுந்தது. ஃபிரேமுக்கு முகமும் தெரியாது, பதவியும் தெரியாது. பெரிய மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, யார் எங்கே தொட்டாலும் நாலு விரல் இடது பக்கம் இருப்பதைத் தொட்டதாக அர்த்தம் என்று பாடம் பண்ணிக்கொண்டது.

மெக்கானிக் கண்காணிப்பாளரின் காதுக்கருகே போய், அளவு தப்பாகிவிட்டது, ஒரே நிமிடம் கொடுத்தால் திருப்பிச் சரி செய்துவிடுகிறேன் என்றார்.

"இயக்குநர் தப்பா தொட்டார்னு எழுதிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார் கண்காணிப்பாளர். கோபமெல்லாம் இல்லை. பேனாவைக்கூட எடுத்து நீட்டினார். மெக்கானிக் பேனாவைத் தொடாமல் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அன்று சாயங்காலமே மானிட்டருக்கு மேலே ஒரு பித்தளைத் தகடு ஏறியது: 'இத்திரை இயக்குநர் அவர்களின் பொற்கரத்தால் தொட்டு அளவமைக்கப்பட்டது.' அந்த நாலு தொடுதலும் அலுவலக ஆவணங்களாகப் பதிவேட்டில் ஏறின. அவற்றை மாற்றினால் ஆவணத்தை அழித்த குற்றம் என்று கீழே சிவப்பு மையில் குறிப்பு. மவுஸைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'முற்காலக் கருவி' என்று சீட்டு ஒட்டினார்கள். குறுக்கு வழியில் யாரும் எதையும் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்று கீபோர்டில் அம்புக்குறிகளையும் இன்னும் சில பொத்தான்களையும் பிடுங்கி உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள்.

இனி நடைமுறை இதுதான். பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாவற்றையும் எழுத்தர் தட்டச்சு செய்வார். என்ன சான்றிதழ் வேண்டும் என்பதை மட்டும் வந்தவரே தன் விரலால் தொட வேண்டும். திரையில் இடமிருந்து வலமாக ஐந்து கட்டங்கள்: திருமணம், பெயர் மாற்றம், இறப்பு, நாய் உரிமம், பிறப்பு. ஒவ்வொன்றும் சரியாக நாலு விரல் அகலம்.

முதல் வாரம் ரகளைதான். பெயரை மாற்ற வந்த ஒரு தையல்காரருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அண்ணனின் இறப்பைப் பதிய வந்தவர், அண்ணனின் பெயரை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். புகார்கள் குவிந்ததும் கண்காணிப்பாளர் தீவிரமாக யோசித்து ஒரு சுற்றறிக்கை விட்டார்: 'பொதுமக்கள் தாங்கள் விரும்புவதிலிருந்து நாலு விரல் வலப்புறம் தள்ளித் தொடுதல் வேண்டும். மெல்லிய விரலினர் ஐந்து விரல்.' சுவரில் ஒரு மஞ்சள் கை வரைந்தார்கள். சனங்களும் பழகிவிட்டார்கள். நம் சனங்களுக்குப் பழகாதது எது? கல்யாணம் ஆனவர்கள் பெயர் மாற்றத்தையும், துக்கத்தில் இருப்பவர்கள் நாயையும் தொட்டு, வேண்டிய காகிதத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறப்பு ஒன்றுதான் சிக்கல். அது வலது கோடியில் இருந்தது. அதற்கும் நாலு விரல் வலது பக்கம் என்றால் ஃபிரேமுக்கு வெளியே, வெறும் காற்று. அதற்குப் பின்னால் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கியது. பெற்றவர்கள் அந்த நாள்காட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அதில் ஒரு மாதமே அழுக்காகிவிட்டது.

இதெல்லாம் தெரிந்தும் மெக்கானிக் இரண்டு மாதமாக அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. நமக்கென்ன என்றுதான் இருந்தார். அப்போதுதான் அவருடைய ஒரே மகள் சிட்டுவுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருடமாக முயன்று கிடைத்த இடம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பிறப்புச் சான்றிதழைக் கொடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் கையால் எழுதிக் கொடுத்த பழைய சான்றிதழ் அவரிடம் பத்திரமாக இருந்தது. அது செல்லாதாம். தானே தொட்டு எடுத்த சான்றிதழ்தான் வேண்டுமாம்.

"அந்த மெஷினை மாட்டினதே நீங்கதானே?" என்று கேட்டாள் மனைவி.

திங்கட்கிழமை வரிசையில் நின்றார். எழுத்தர் விவரங்களைத் தட்டச்சு செய்தார். மெக்கானிக் பிறப்பு கட்டத்தின் வலது ஓரத்தில், ஃபிரேமை ஒட்டி, மயிரிழை இடம் பார்த்து விரலை வைத்தார். அச்சு இயந்திரம் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது. நாய் உரிமம். நாயின் பெயர் என்ற இடத்தில் மகளின் பெயர். உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர். கீழே அலுவலக முத்திரை அச்சுப் பிசகாமல் விழுந்திருந்தது.

மறுநாள் சட்டைப்பையில் ஒரு மவுஸை மறைத்துக்கொண்டு போனார். வாசலில் காவலாளி தடவிப் பார்த்து அதை எடுத்துவிட்டார். இந்த வாரத்தில் இது பதினாறாவது என்று சொல்லி, மேசைக்கடியில் இருந்த வாளியில் போட்டார். மெக்கானிக் எட்டிப் பார்த்தார். வாளி நிறைய மவுஸ், வாலும் வாலும் பின்னிக்கொண்டு கிடந்தன.

வேறு வழியில்லாமல் கண்காணிப்பாளரின் அறைக்குப் போனார். எதிரே உட்காரச் சொன்னார்கள், தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். மெக்கானிக் தன் குறையைச் சொல்லி முடித்ததும் கண்காணிப்பாளர் மேசைமேல் இருந்த ஒரு வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு கோடு மலையிலிருந்து உருண்ட மாதிரி இறங்கித் தரையில் படுத்திருந்தது.

"ரெண்டு மாசமா இந்த ஊர்ல ஒரு குழந்தைகூடப் பிறக்கல. மேலிடத்துல அசந்து போயிட்டாங்க. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுல நாமதான் முதலிடம். இயக்குநருக்குக் கேடயம் வருது. இந்த நேரத்துல நீங்க வந்து, ஒண்ணு பிறந்துச்சுங்கறீங்க."

"அவ பிறந்து அஞ்சு வருஷம் ஆச்சு சார்."

"சான்றிதழ் இந்த மாசம்தானே எடுக்கறீங்க? அப்ப எங்களுக்கு அவ இந்த மாசம்தான் பிறக்கறா." கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் சொல்றேன், வெளியில சொல்லாதீங்க. நாய் வளர்ப்புலயும் நாமதான் முதலிடம். பிராணிகள் மேல இந்த ஊருக்கு இவ்வளவு அன்பு இருக்கும்னு எங்களுக்கே தெரியாது."

மெக்கானிக் அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் இருப்பவர் கிண்டல் செய்யவில்லை என்பது புரிந்தபோது அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

புதன்கிழமை காலை வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. நாய் ஆய்வாளர் இறங்கினார். புது உரிமங்களை ஏழு நாளுக்குள் நேரில் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அவர் நல்ல மனிதர். காலணியை வெளியே கழற்றிவிட்டு வந்து, பெயரைச் சொல்லி, அது எங்கே என்று கேட்டார். சிட்டு ஓடி வந்து, நான்தான் என்றாள்.

ஆய்வாளர் அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பெற்றவர்களைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். "இது நாய் இல்லன்னு நான் எழுதினா, உரிமம் குடுத்தது தப்புன்னு ஆகும். உரிமம் தப்புன்னா திரை தப்பு. திரை தப்புன்னா..." அதற்கு மேல் சொல்லாமல் மேலே கையைக் காட்டினார். "இந்த வாரத்துல இது எனக்கு முப்பத்தோராவது வீடு. ஒண்ணும் ஆகாது, பாப்பாவை நிக்கச் சொல்லுங்க."

டேப்பை எடுத்து உயரம் அளந்தார். நிறம் எழுதினார். தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டார், போட்டாயிற்று என்றாள் மனைவி. கடிக்குமா என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சின்ன வயதில் ஒரு தடவை சித்தப்பாவைக் கடித்திருக்கிறாள் என்பதை மனைவி சொல்ல வாயெடுத்தாள்; மெக்கானிக் அவள் கையை அழுத்தினார். ஆய்வாளர் தன் பொறுப்பிலேயே, உரிமத்தின் அடியில், 'கடிக்காது. சுத்தமானது. சொன்ன பேச்சு கேட்கும்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு மனைவிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிட்டு வாசல்வரை போய் அவரைக் குரைத்து வழியனுப்பினாள். அவர் திரும்பி வந்து, 'விருந்தினரிடம் அன்பானது' என்றும் சேர்த்துவிட்டுப் போனார்.

அன்று முழுக்க மெக்கானிக் கடையில் ஒரு ஸ்க்ரூவைக்கூட ஒழுங்காக முடுக்கவில்லை. மூன்று வருட ஓட்டம் ஒரு போட்டோவால் போகிறதே என்று புலம்பிக்கொண்டிருந்தார். போட்டோ என்று நினைத்ததும்தான் பொறி தட்டியது. வியாழக்கிழமை கடையைத் திறக்காமல் நேரே போட்டோக்காரரின் ஸ்டுடியோவுக்குப் போனார்.

நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்றுதான் போனார். போட்டோக்காரர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துப் போட்டார். நாய் உரிமம். "பிறந்து நாப்பது நாளாகுது. பேர் வச்சுட்டுப் பதியப் போனோம். என் வீட்டுக்காரி எங்கிட்ட பேசறதில்ல," என்றார். மெக்கானிக் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு மெக்கானிக் அந்தத் திறப்பு விழாப் படத்தைக் கேட்டார். பெரிதாக்கிப் பார்த்தார்கள். முகம் முழு நிலா மாதிரி இருந்தது. விரல் மட்டும் கூட்டல் குறியை விட்டுத் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தில் ஊன்றியிருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் படத்தைக் கண்காணிப்பாளரின் மேசையில் வைத்தார்கள். மெக்கானிக் பிறப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. கேடயம் கொடுக்கும்போது இந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து மேடையில் வைப்பார்களே, மேலிடத்தில் யாராவது உற்றுப் பார்த்தால் விரல் குறியில் படவில்லை என்று தெரியுமே என்று மட்டும் கவலைப்பட்டார்.

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் வெளுத்தது. தையல்காரருக்குக் கல்யாணமானபோது அசையாத மனிதர், இறந்தவருக்குப் பெயர் மாறியபோது தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், இப்போது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"படம் தப்பா இருக்கே," என்றார். "என்னய்யா இது, படம் தப்பா இருக்கே."

திரை தப்பு என்று சொல்லியிருந்தால் பதினோரு மாதம் ஆகியிருக்கும். படம் தப்பு என்றதும் நாலு மணிக்கு இயக்குநர் வந்து நின்றார். அளவை மாற்ற யாரும் அனுமதி கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. படத்துக்காக அந்த நாலு குறித் திரையைச் சும்மா திறந்து வைக்க வேண்டும் என்று மட்டும் மெக்கானிக் சொன்னார். படத்துக்காக என்றால் எதை வேண்டுமானாலும் திறக்கலாம் என்றார் கண்காணிப்பாளர்.

போட்டோக்காரர் இந்தத் தடவை இயக்குநரை மறுபக்கம் நிற்க வைத்தார். "சார், விரல் சரியா குறி மேல இருந்தாத்தான் உங்க பார்வை கம்பீரமா விழுது," என்றார். முதல் குறி, நட்டநடுவில். இரண்டாவது. மூன்றாவது. அப்போது இயக்குநர் கையை எடுத்துவிட்டார். மூன்று படம் போதும், கிளம்ப வேண்டும் என்றார். கண்காணிப்பாளர் கதவைத் திறக்க ஓடினார். நாலாவது குறி திரையில் மினுக்கிக்கொண்டு நின்றது. அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வீண்; இயந்திரம் பழைய புத்திக்கே திரும்பிவிடும். மணி நாலு இருபத்தைந்து. மெக்கானிக் போட்டோக்காரரைப் பார்த்தார்.

"சார்," என்றார் போட்டோக்காரர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே. "மூணுலயும் கண்ணை மூடிட்டீங்க."

இயக்குநர் திரும்பி வந்து, கண்ணை அகல விரித்துக்கொண்டு, நாலாவது குறியின் மேல் அழுத்தமாக விரலை வைத்தார்.

அவர் கார் தெருமுனை தாண்டுவதற்குள் மெக்கானிக் எழுத்தரின் முன்னால் இருந்தார். விவரங்கள் ஏறின. பிறப்பு கட்டத்தின் நடுவில் விரலை வைத்தார். தாள் வந்தது. மேலே பிறப்புச் சான்றிதழ் என்று இருந்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

"ஏங்க, நில்லுங்க," என்றார் கண்காணிப்பாளர். "நாலு விரல் சுற்றறிக்கை இன்னும் அமல்ல இருக்கு. நீங்க நேரா தொட்டீங்க, நான் பார்த்தேன்."

"இயக்குநர் நேரா தொட்டார் சார். படமே இருக்கு."

கண்காணிப்பாளர் யோசிக்கத் தொடங்கினார். அது முடிய நாளாகும் என்று தெரிந்ததால் மெக்கானிக் ஓட்டம் பிடித்தார். பின்னால் போட்டோக்காரர் வரிசைக்குள் நுழைவது தெரிந்தது.

பள்ளிக்கூட அலுவலகத்தில் சுவர்க் கடிகாரம் ஐந்துக்கு ஆறு நிமிடம் காட்டியது. மனைவியும் சிட்டுவும் ஏற்கெனவே பெஞ்சில் காத்திருந்தார்கள். பள்ளி எழுத்தர் அம்மா சான்றிதழை வாங்கிப் பார்த்து, கோப்பில் வைத்து, கையை மறுபடி நீட்டினார்.

"இன்னொண்ணு?"

மெக்கானிக்குக்குப் புரியவில்லை. கடிதத்தின் பின்பக்கம் பார்க்கவில்லையா என்று கேட்டார் அந்த அம்மா. பதிவு அலுவலகம் கொடுத்த, அதே பெயரும் முகவரியும் முத்திரையும் உள்ள இரண்டாவது ஆவணம் ஒன்று வேண்டுமாம். மெக்கானிக் கடிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. மூன்று வருடமாக ஓடி, இப்படிப் பின்பக்கத்தில் வந்தா இடறி விழ வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டார். திரும்பிப் போய் இன்னொன்று வாங்க நாலு நிமிடம் போதாது.

மனைவி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். கைப்பையைத் திறந்து, நாலாக மடித்திருந்த நாய் உரிமத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

பள்ளி எழுத்தர் அம்மா அதைப் பிரித்தார். பெயரின் மேல் விரலை ஓட்டினார், சரியாக இருந்தது. முகவரி சரி. முத்திரை சரி. கீழே ஆய்வாளரின் குறிப்பை முணுமுணுத்துக்கொண்டே படித்தார். நாய் என்று வரும் இடங்களைத் தவிர எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு அந்த அம்மா நிமிர்ந்தார். முகத்தில் உண்மையான மகிழ்ச்சி தெரிந்தது.

"கடிக்காது, சுத்தமானது, சொன்ன பேச்சு கேட்கும்," என்றார். "இப்படி ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் இதுவரைக்கும் ஒரு பெத்தவங்களும் கொண்டு வந்ததில்ல." ஓங்கி முத்திரை குத்தினார். "திங்கட்கிழமை அனுப்புங்க."

சிட்டு பெஞ்சிலிருந்து இறங்கி வந்து, நன்றி சொல்லும் விதமாக ஒரு தடவை குரைத்தாள். அந்த அம்மா மறுபடி தாளைப் பார்த்து, விருந்தினரிடம் அன்பானது என்பதற்கு எதிரே ஒரு டிக் போட்டுக்கொண்டார்.